கேட் புஷ் அடுத்த ஆல்பம்: இந்த முறையாவது நம்பலாமா?

மாடித்தோட்டம் (2024 நவம்பர்)

எல்லோருக்கும் வணக்கம், நான் இங்கே புதிது, இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போன மாதம் பி.பி.சி. ரேடியோ 4-இல் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் பேசியதைக் கேட்டீர்களா? புதிதாக ஏதாவது செய்ய ஆசையாக இருக்கிறதாம், மனதில் நிறைய யோசனைகள் இருக்கிறதாம், மறுபடியும் வேலையில் உட்கார ஆவலாக இருக்கிறாராம். கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், ஆனால் என் நண்பர்கள் வட்டத்தில் இவரைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

எனக்கே 2022 வரை இவர் பெயர் தெரியாது. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் நான்காவது சீசனில் மேக்ஸ் என்ற பெண்ணின் ஹெட்போனில் இவருடைய ரன்னிங் அப் தட் ஹில் பாட்டு வந்தபோது யாரோ புதிதாக வந்த பாடகி என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் 1985! என் அம்மா அப்போது ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆல்பமாகக் கேட்டு முடித்துவிட்டேன். புது ஆல்பத்துக்காகக் காத்திருப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. எப்போது வரும் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வருடம் வந்துவிடுமா?

சந்தேகம் சாமி

அடுத்த வருடமா? சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறேன்.

பழைய கேசட்

சாமி, புதிதாக வந்த பெண்ணைப் பயமுறுத்தாதே. வாம்மா மாடித்தோட்டம், உட்கார்.

முதலில் ஒரு திருத்தம். அவர் ஆல்பம் வருகிறது என்று சொல்லவில்லை. செய்ய ஆசை, யோசனை இருக்கிறது, இவ்வளவுதான். பெயர் இல்லை, தேதி இல்லை, பாட்டு ஒன்றும் வெளியாகவில்லை. தலைப்புச் செய்தி போட்டவர்கள்தான் "கேட் புஷ் திரும்பி வருகிறார்" என்று மணி அடித்துவிட்டார்கள்.

கணக்கைப் பார். 1978-இல் மட்டும் இரண்டு ஆல்பம்: பிப்ரவரியில் த கிக் இன்சைட், நவம்பரில் லயன்ஹார்ட். முதலாவது வந்தபோது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. 1980-இல் நெவர் ஃபார் எவர், 1982-இல் த ட்ரீமிங். பிறகு மூன்று வருடம், 1985-இல் ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ். அப்புறம் நாலு வருடம், 1989-இல் த சென்சுவல் வேர்ல்ட். இன்னொரு நாலு, 1993-இல் த ரெட் ஷூஸ். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஆளையே காணோம். 2005 நவம்பரில் ஏரியல். ஆறு வருடம் கழித்து 2011-இல் இரண்டு, மே மாதம் டைரக்டர்ஸ் கட், நவம்பரில் 50 வேர்ட்ஸ் ஃபார் ஸ்னோ. அன்றிலிருந்து இன்றுவரை பதின்மூன்று வருடம். பன்னிரண்டு என்ற பழைய சாதனையும் போயிற்று.

நான் அந்தப் பன்னிரண்டு வருடத்தை முழுதாகக் காத்திருந்தவன். த ரெட் ஷூஸ் வந்தபோது கல்லூரியை விட்டு வெளியே வந்திருந்தேன், ஏரியல் வந்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. நடுவில் கல்யாணம், மூன்று வீடு மாற்றம், அப்பாவின் மரணம், எல்லாம் ஆகிவிட்டது. அவருடைய கேசட்டை எனக்குப் பதிவு செய்து கொடுத்த நண்பனோடு பேச்சுவார்த்தையே நின்று, பிறகு மறுபடி ஒட்டிக்கொண்டது, அதுவும் ஏரியல் வந்த செய்தியைச் சொல்ல அவன் போன் செய்ததால்தான்.

மாடித்தோட்டம்

ஐயோ சார், இது ஒரு படமாகவே எடுக்கலாம் போலிருக்கிறதே. அந்தக் காலத்தில் செய்தி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

பழைய கேசட்

சார் எல்லாம் வேண்டாம், அண்ணா போதும். மாமா என்றாலும் சரி, முடியைப் பார்த்தால் அதுதான் பொருத்தம்.

செய்தி தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பதுதான் உண்மை. எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஆங்கிலப் பாட்டு வேண்டுமென்றால் பர்மா பஜாரில் வெற்றுக் கேசட் வாங்கி, பதிவு செய்து கொடுக்கும் கடைக்குப் போய், பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது நண்பனின் அண்ணன் வழியாக வந்தது. 1986-இல் வந்த தொகுப்பு ஆல்பம், த ஹோல் ஸ்டோரி. பி பக்கத்தில் கடைசிப் பாட்டு பாதியில் முடிந்துவிடும், கேசட் அவ்வளவுதான் நீளம். மீதிப் பாதியை நான் கேட்டது பல வருடம் கழித்து. இன்றும் அந்த இடம் வந்தால் டேப் நிற்கும் 'டக்' சத்தம் என் காதில் விழுகிறது.

வெட்டி ஆபீசர்

மன்னிக்கவும், எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரு ஆல்பத்துக்குப் பதின்மூன்று வருடமா? இளையராஜா எண்பதுகளில் ஒரே வருடத்தில் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்திருக்கிறார். காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் பாட்டு ரெடி. இந்த அம்மாவின் பேரிலேயே கேட் இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறார்.

பழைய கேசட்

கேட் ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது, விடு. ஆனால் ஒப்பீடு தப்பு. சினிமாவில் தயாரிப்பாளர் இருக்கிறார், ஷூட்டிங் தேதி இருக்கிறது, பாட்டு வராவிட்டால் யூனிட்டே காத்திருக்கும். பாட்டு எழுத ஒரு கவிஞர், பாட ஒருவர், வாசிக்க நாற்பது பேர். இங்கே எழுதுவது, மெட்டு, பாட்டு, தயாரிப்பு எல்லாம் ஒரே ஆள். 2011-லிருந்து ஃபிஷ் பீப்பிள் என்று லேபிளும் அவருடையது. 'எங்கேம்மா பாட்டு' என்று கதவைத் தட்ட ஆளே கிடையாது.

அவசரத்தில் செய்தால் என்னாகும் என்பதும் அவருக்குத் தெரியும். முதல் ஆல்பம் ஹிட்டானதும் கம்பெனி உடனே இன்னொன்று கேட்டது, அதுதான் லயன்ஹார்ட். ஒன்பது மாதம். அதில் தனக்குத் திருப்தி இல்லை, நேரம் போதவில்லை என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரை யாரும் அவசரப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

வெண்பனி

லயன்ஹார்ட்டை ஆளாளுக்கு அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். ஒன்பது மாதத்தில் அப்படி ஒன்றை நம்மில் யார் செய்வார்கள்?

ரீல்சுத்தி

நான் சவுண்ட் வேலை பார்ப்பவன், அதனால் என் பக்கத்திலிருந்து கொஞ்சம். இந்த இடைவெளிக்குப் பின்னால் ஸ்டூடியோ கணக்கு ஒன்று இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை.

த ட்ரீமிங் செய்யும்போது லண்டனில் ஒரு ஸ்டூடியோ விட்டு இன்னொரு ஸ்டூடியோ என்று அலைந்தார்கள், ஆபி ரோடு, டவுன்ஹவுஸ், இன்னும் இரண்டு மூன்று. ஸ்டூடியோ வாடகை என்பது மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி, நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றாலும் ஓடும். அவரோ ஒரு சத்தத்தைப் பிடிக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும் ஆள். செலவு எகிறியது, ஆல்பம் முந்தியவை அளவுக்கு விற்கவில்லை, கம்பெனிக்கு முகம் சுருங்கியது. அதற்கு அவர் செய்த வைத்தியம்தான் பெரிய விஷயம்: 1983-இல் பெற்றோரின் பண்ணை வீட்டுக் களஞ்சியத்திலேயே சொந்தமாக 48 டிராக் ஸ்டூடியோ போட்டுவிட்டார். மீட்டரைக் கழற்றி எறிந்த மாதிரி. அங்கே பிறந்ததுதான் ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்.

இப்போது ரன்னிங் அப் தட் ஹில் கேளுங்கள். ஆரம்பத்தில் அழுகிறதா கூப்பிடுகிறதா என்று தெரியாமல் ஒரு சத்தம் வரும் இல்லையா, அது ஃபேர்லைட் என்ற கருவி. ஒரு ஒலியைப் பதிவு செய்து கீபோர்டில் எந்தச் சுரத்திலும் வாசிக்கலாம், அந்தக் காலத்தில் ஒரு வீட்டின் விலை. கீழே விடாமல் ஓடுகிற தாளம் லின்டிரம் மெஷின், அதைப் போட்டவர் டெல் பால்மர். நான் சொல்ல வந்ததே அவரைப் பற்றித்தான்.

டெல் பால்மர் பேஸ் கிட்டார் வாசித்தவர், பல வருடம் கேட் புஷ்ஷின் வாழ்க்கைத் துணையாக இருந்தவர், பிரிந்த பிறகும் ஒலிப்பதிவு மேசையை விட்டு எழுந்து போகாதவர். 1977-இல் மதுக்கடைகளில் பாடிய கே.டி. புஷ் பேண்ட் காலத்திலிருந்து கூட இருந்த ஆள். இந்த வருடம் ஜனவரியில் காலமாகிவிட்டார். அடுத்த ஆல்பம் எப்போது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மேசையில் யார் உட்காருவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாடகர் மைக் முன்னால் நின்று கண்ணை மூடினாலே 'இன்னொரு டேக் வேண்டும்' என்று புரிந்துகொள்ளும் ஆள் ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறைதான் அமையும். என் தொழிலில் நான் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர் போனால் சிலர் கருவியையே தொடுவதில்லை.

மாடித்தோட்டம்

இதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். தாளம் மட்டும்தான் காதில் விழுகிறது. நன்றி ரீல்சுத்தி அண்ணா, ஒருவகையில் நன்றி இல்லை.

மழைக்குடை

வணக்கம், லண்டனில் இருந்து. தாமதமாக வந்திருக்கிறேன், ஆனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

2014 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, ஹாமர்ஸ்மித்தில் மேடை நிகழ்ச்சி என்று. 1979-க்குப் பிறகு அவர் அப்படி முழு நிகழ்ச்சியாக மேடை ஏறவே இல்லை, முப்பத்தைந்து வருடம். டிக்கெட் விற்பனை 28-ஆம் தேதி காலை. நான் வேலையிடத்தில், மனுசி வீட்டில், மச்சான் அவருடைய கந்தோரில், மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேரும் போனில். 22 நாள் நிகழ்ச்சியும் 15 நிமிடத்துக்குள் விற்று முடிந்தது. எனக்குக் கிடைக்கவில்லை, மச்சானுக்கும் இல்லை. மனுசிக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. அவளுக்குக் கேட் புஷ் யாரென்றே தெரியாது. பெருந்தன்மையாக எனக்குத் தந்தாள், பத்து வருடமாக வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அந்த டிக்கெட் வெளியே வரும்.

போனில் படம் எடுக்க வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். நம்புங்கள், ஒரு கைகூட உயரவில்லை. முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டும் இல்லை, அவரைப் புகழாக்கிய முதல் பாட்டு வதரிங் ஹைட்ஸ் கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இடைவேளையில் அதற்காகக் குறைப்பட்டார், இரண்டாம் பகுதி முடியும்போது அழுதுகொண்டிருந்தார். கடலில் தனியே மிதக்கிற பெண்ணின் கதை ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்வின் இரண்டாம் பக்கம், அதை முழுக்க நாடகமாகச் செய்தார்கள். திரையில் அவர் லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் மிதந்தபடி பாடுவார். அது நடிப்புப் பாட்டு இல்லை, பைன்வுட் ஸ்டூடியோ தொட்டியில் மணிக்கணக்காகக் கிடந்து அந்தத் தண்ணீரிலேயே பாடிப் பதிவு செய்தது. உடம்பு விறைத்துப் போனதாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011-க்குப் பிறகு புதுப் பாட்டே இல்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அந்த நிகழ்ச்சியில் டானி மூன் என்று ஒரு புதுப் பாட்டு இருந்தது, பாடியது அவருடைய மகன். 2016-இல் வந்த பிஃபோர் த டான் நேரடிப் பதிவில் இருக்கிறது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, தங்கச்சி.

சந்தேகம் சாமி

நானும் கேட்டிருக்கிறேன் அந்தப் பாட்டை. நல்ல பாட்டு. ஆனால் பத்து வருடத்தில் ஒரு பாட்டு என்றால் ஆல்பம் முடிய எவ்வளவு ஆகும் என்று நீங்களே வாய்ப்பாடு போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கெட்டவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏமாந்தவன். 2014 மேடை: 'புது ஆல்பம் வரப்போகிறது, அதற்கு முன்னோட்டம்' என்றார்கள், வந்தது நேரடிப் பதிவு. 2018: பழைய ஆல்பங்கள் எல்லாம் புதுப்பித்து வந்தன, பாடல் வரிகள் புத்தகமாக வந்தது. 'கணக்கு முடிக்கிறார், அடுத்தது புதிது' என்றார்கள், ஒன்றும் இல்லை. 2022: பாட்டு 37 வருடம் கழித்து பிரிட்டனில் முதலிடம், உலகமே அவர் பெயரைச் சொல்கிறது, இதைவிட நல்ல நேரம் யாருக்குக் கிடைக்கும்? வேறு யாராக இருந்தாலும் மூன்று மாதத்தில் ஆல்பம், ஆறாவது மாதத்தில் உலகச் சுற்றுப்பயணம். இவர் வானொலியில் தோட்ட வேலை பற்றிப் பேசினார். 2023-இல் அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அவர் ஆசை என்று சொன்னால் அது ஆசைதான்.

பழைய கேசட்

நீ சொன்ன எல்லாமே சரி சாமி. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் தானாக வாயைத் திறந்து 'புதிதாகச் செய்ய ஆசை' என்றதை எத்தனை தடவை கேட்டிருக்கிறாய்? நீ சொன்ன அத்தனையும் நாம் கட்டிக்கொண்ட கோட்டை. இது அவர் சொன்னது. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஏரியல் காலத்திலும் இப்படித்தான். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்று ஆவலோடு கேட்க, அவர் அடுப்பிலிருந்து கேக்கை எடுத்து வைத்து 'இதைத்தான்' என்றார் என்று ஒரு கதை ரசிகர்களிடையே சுற்றும். சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை. அதில் கம்பெனி ஆட்களின் முகத்தை நினைத்துத்தான் நான் சிரிப்பேன். உண்மையில் 1992-இல் அவர் அம்மாவை இழந்திருந்தார், 1998-இல் மகன் பிறந்தான், அவனை வளர்த்தார். அதன் நடுவில் இரண்டு தட்டு நிறையப் பாட்டும் செய்தார்.

வெண்பனி

நான் இருப்பது டொரன்டோவில், இங்கே முதல் பனி போன வாரம் விழுந்தது, அதனால் என் வருடாந்தரச் சடங்கைத் தொடங்கிவிட்டேன்: ஜன்னல் ஓரம் உட்கார்ந்து 50 வேர்ட்ஸ் ஃபார் ஸ்னோ. ஏழே பாட்டு, 65 நிமிடம். ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ் மட்டும் கேட்டவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும், எனக்கு இதுதான் உச்சம். முதல் பாட்டு ஸ்னோஃப்ளேக், கிட்டத்தட்டப் பத்து நிமிடம், விழுந்துகொண்டிருக்கும் ஒரு பனித்துகள் பாடுகிறது. அந்தக் குரல் அவர் மகன் பெர்ட்டியுடையது, இன்னும் உடையாத பையன் குரல். அந்தக் குரல் போவதற்கு முன்னால் பிடித்து வைக்க வேண்டும் என்று ஒரு அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது என்றுதான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது அதே பாட்டின் சுருக்கத்தை வைத்துத்தான் போன மாதம் லிட்டில் ஷ்ரூ என்று நாலு நிமிடக் கறுப்பு வெள்ளை அனிமேஷன் ஒன்றை அவரே எழுதி இயக்கி வெளியிட்டார். வார் சைல்ட் அமைப்புக்காக, போரில் சிக்கிய குழந்தைகளுக்காக. உக்ரைன் போர் தொடங்கியபோது தோன்றிய எண்ணமாம். மனிதர்களைக் காட்டினால் பார்க்கிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்றோ என்னவோ, இடிந்த நகரத்தில் ஓடுவது ஒரு மூஞ்சூறு. பிள்ளையாரின் வாகனம்! என் பெரியம்மாவுக்குக் காட்டினேன், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். போரைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வானொலிப் பேட்டியே இந்தப் படத்துக்காகக் கொடுத்ததுதான். ஆல்பம் பற்றிய கேள்வி நடுவில் வந்தது. படத்தைப் பற்றி இந்த இழையில் இதுவரை ஒருவரும் பேசவில்லை.

மாடித்தோட்டம்

குட்டு வாங்கிக்கொண்டேன் அக்கா. இப்போதுதான் பார்த்தேன். அந்த வால் நடுங்குகிற இடம்...

சரி, அதே ஆல்பத்தில் ஒரு சந்தேகம். வைல்ட் மேன் பாட்டில் ஹிமாச்சல் பிரதேசம் என்று வருகிறதா, இல்லை என் காதுக்கு மட்டும் அப்படிக் கேட்கிறதா?

வெண்பனி

சரியாகத்தான் கேட்டிருக்கிறாய். பனி மனிதன் எட்டியைப் பற்றிய பாட்டு அது. கயிலை மலை வருகிறது, ஹிமாச்சல் வருகிறது, கஞ்சன்ஜங்கா வருகிறது. வேட்டைக்காரர்கள் தேடி வருகிறார்கள், பனியில் கிடந்த உன் காலடித் தடத்தை நாங்கள் அழித்துவிட்டோம் என்று அந்த மனிதனிடம் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். நாம் தேடுகிறோம், அவர் தடத்தை அழிக்கிறார். சாமிக்கு இந்தப் பாட்டைச் சமர்ப்பிக்கிறேன்.

சந்தேகம் சாமி

ஏற்றுக்கொண்டேன்.

ரீல்சுத்தி

வந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது பேசுங்களேன். என் ஊகம்: மெதுவாக, நீளமாக, பியானோவை நம்பி. குரல் இறங்கியிருக்கிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை. டைரக்டர்ஸ் கட்டில் பழைய இரண்டு ஆல்பங்களிலிருந்து பதினோரு பாட்டை மறுபடி செய்தபோதே ஸ்ருதியை இறக்கித்தான் பாடினார். 1978-இன் கிறீச்சுக் குரலை எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே வேறு வண்டி ஏறிவிடலாம். எனக்கு அந்தப் புதுக் குரல்தான் பிடிக்கும், மரம் மாதிரி இருக்கிறது, தட்டினால் உள்ளே கேட்கிறது.

பழைய கேசட்

கிறீச்சா? தம்பி, வாசலுக்கு வா.

மழைக்குடை

என் விருப்பம் வேறு. ஏரியலின் இரண்டாவது தட்டு மாதிரி இன்னொன்று. ஒரு மத்தியானம் தொடங்கி, பொழுது சாய்ந்து, இரவு கடந்து, அடுத்த விடியலில் முடியும், இடையில் முழுக்கப் பறவைகள். அட்டைப் படத்தைப் பார்த்தால் அந்தி நேரக் கடலில் பாறைகள் மாதிரி இருக்கும், உண்மையில் அது ஒரு பிளாக்பேர்ட் கூவியதன் ஒலி வரைபடம். எங்கள் வீட்டுக் கொல்லையில் வைகாசி மாதத்தில் விடிய நாலு மணிக்கே அந்தக் குருவி தொடங்கிவிடும். மனுசி ஜன்னலைச் சாத்தச் சொல்வாள், நான் சாத்த மாட்டேன்.

வெட்டி ஆபீசர்

சரி, நானும் நேற்று ஏரியல் போட்டுப் பார்த்தேன், திட்டுவதற்காகவாவது கேட்க வேண்டுமே. பை என்று ஒரு பாட்டு, 3.14 என்று ஆரம்பித்து எண்களாகவே பாடிக்கொண்டு போகிறார். கணக்கு வாத்தியார் மகன் நான், உட்கார்ந்து சரிபார்த்தேன். 78-ஆவது தசம இலக்கம் வரை சரி. பிறகு 22 இலக்கத்தை விழுங்கிவிட்டு 101-இல் தொடங்கி 137 வரை போகிறார். பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டு இதைக் கவனிக்கவில்லையா?

பழைய கேசட்

இரவில் உட்கார்ந்து பையின் இலக்கங்களைச் சரிபார்த்த நீ எங்கள் ஆள் ஆகிவிட்டாய், உனக்கே தெரியவில்லை. உறுப்பினர் சந்தா கிடையாது.

வெட்டி ஆபீசர்

தப்பைத் தப்பு என்றேன், அவ்வளவுதான். (பாட்டு நன்றாக இருக்கிறது.)

மாடித்தோட்டம் (2025 பிப்ரவரி)

எழுந்திருங்கள்!!! கேட் புஷ் பெயரோடு புது ஆல்பம் வந்துவிட்டது! முழுச் செய்தியும் படிக்கவில்லை, பஸ்ஸில் இருக்கிறேன், ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது, பன்னிரண்டு டிராக்!

ரீல்சுத்தி

தங்கச்சி, போட்டுப் பார்.

மாடித்தோட்டம்

போட்டேன். ஹெட்போன் போய்விட்டது போல. சத்தமே வரவில்லை. ஏதோ நாற்காலி கிறீச்சிடும் மாதிரி...

ரீல்சுத்தி

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. அது மௌன ஆல்பம். இஸ் திஸ் வாட் வீ வான்ட் என்று பெயர். ஏ.ஐ. கம்பெனிகள் இசைக் கலைஞர்களின் அனுமதி இல்லாமலே பாட்டுகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வழிவிடும் மாதிரி காப்புரிமைச் சட்டத்தை மாற்ற பிரிட்டன் அரசு யோசிக்கிறது, அதை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்காரர்கள் சேர்ந்து வெளியிட்டது. காலி ஸ்டூடியோக்களிலும் அரங்குகளிலும் மைக்கை வைத்துப் பதிவு செய்தது. பன்னிரண்டு தலைப்புகளையும் வரிசையாகப் படித்தால், ஏ.ஐ. கம்பெனிகள் பயனடைய இசைத் திருட்டைப் பிரிட்டிஷ் அரசு சட்டமாக்கக் கூடாது என்று ஒரே வாக்கியம் வரும். கேட் புஷ்ஷும் அந்த ஆயிரத்தில் ஒருவர், அறிக்கையும் விட்டிருக்கிறார்.

சந்தேகம் சாமி

பதின்மூன்று வருடம் காத்திருந்தோம். வந்தது. நிசப்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவே தேவையில்லை.

பழைய கேசட்

வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் முழுக்கக் கேட்டேன். சாமி, கிண்டல் இருக்கட்டும். காலி அறைக்கும் ஒரு ஓசை இருக்கிறது. எங்கோ கதவு, எங்கோ மின்விசிறி மாதிரி ஒரு ரீங்காரம். என் பழைய கேசட்டில் பாட்டு முடிந்து டேப் தீரும் வரை ஓடும் அந்த 'ஸ்ஸ்ஸ்' ஞாபகம் வந்துவிட்டது.

வெண்பனி

வீட்டில் உட்கார்ந்து தோட்டம் போடுகிறார், உலகம் மறந்துவிட்டார் என்று எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் எழுதட்டும். மூஞ்சூறுக்கு ஒருமுறை, இதற்கு ஒருமுறை, நாலு மாதத்தில் இரண்டு தடவை வெளியே வந்திருக்கிறார்.

மழைக்குடை

ஓம், நான் அதைத்தான் நல்ல குறியாக எடுக்கிறேன். அடுத்த மேடை நிகழ்ச்சி என்றால் இந்த முறை நாலு கம்ப்யூட்டர். மகளும் பெரிதாகிவிட்டாள்.

மாடித்தோட்டம்

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவிடம் 'புது ஆல்பம் வந்துவிட்டது' என்று கத்திச் சொல்லிவிட்டு ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்தேன்.

வீட்டில் வேறு ஒரு விஷயம் நடந்திருக்கிறது. ஏரியலில் மிஸஸ் பார்ட்டலோஸி இருக்கிறது இல்லையா, வாஷிங் மெஷினில் துணி சுற்றுவதைப் பற்றி ஒரு முழுப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா துவைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்று, இந்தப் பெண் எதற்கு வாஷிங் மெஷினைப் பார்த்து இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று கேட்டார். அந்தத் துணியில் ஒருவருடைய சட்டையும் இருக்கிறது, அவர் இப்போது இல்லாமல் இருக்கலாம், பாட்டில் நேராகச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்று காலை இட்லிக்கு மாவு ஆட்டும்போது கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அந்த 'வாஷிங் மெஷின்' இழுப்பை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நான் சமையலறைக்குள் போனதும் நிறுத்திவிட்டார்.

பழைய கேசட்

அடுத்த முறை உள்ளே போகாதே. வெளியிலேயே நின்று கேள்.